அத்தியாயம் 5: வாசல் அளவில் ஒரு நந்தவனம்

சைவ சித்தாந்தம் இறைவனை அடைய நான்கு படிகள் சொல்கிறது: சரியை, கிரியை, யோகம், ஞானம். மேல்படிகளுக்கு வகுப்புகள் நடக்கின்றன, சொற்பொழிவுகள் நடக்கின்றன. முதல் படியைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. கோவிலைக் கூட்டுவது, தரையை மெழுகுவது, பூப் பறிப்பது, மாலை கட்டுவது, விளக்கேற்றுவது, நந்தவனம் வளர்ப்பது, இவைதான் சரியை. திருநாவுக்கரசர் இந்தப் படியில் நின்றே மேலே போனவர். அதனால்தான் நால்வர் சந்நிதியில் யார் எவர் என்று தெரியாதவர்கூட, கையிலுள்ள உழவாரப்படையைப் பார்த்து அவரை அடையாளம் கண்டுகொள்கிறார்.

இந்த அத்தியாயம் அந்த முதல் படிக்கு உரியது. பெக்கோக்கில் தோட்டத்து லயத்திலோ, தாமானில் வரிசை வீட்டிலோ, கம்பத்தில் சொந்த நிலத்திலோ இருக்கும் ஒருவர் வாசலிலும் பின்கட்டிலும் செய்யக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். செடி வளர்ப்பும் கைவேலையும் இங்கே கலந்தே வரும். பூவை வளர்ப்பவருக்கு மாலை கட்டத் தெரியவேண்டும். கோலம் போடுபவருக்குச் சங்குப்பூக் கொடி வேண்டும்.

தொடங்கும் முன் நிலைவாசலில் தொங்கும் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தைக் கழற்றிவிடுங்கள். மூன்று வருடத் தூசியோடு அது அங்கே இருப்பதைவிட வாசல் வெறுமையாக இருப்பது மேல்.

மண்ணும் மழையும்

பெக்கோக் ஜொகூரின் சிகாமட் மாவட்டத்துச் சிறிய ரயில் ஊர். லாபிசும் சாஆவும் பக்கத்தில். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். அதற்கு அப்பால் எண்டாவ் ரொம்பின் வனப்பூங்காவின் செலாய் நுழைவாயில் இருக்கும் மலைக்காடு. மண் பெரும்பாலும் செம்மண், புளிப்பு மிகுந்தது. மழை தாராளம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தைப் பெரியவர்கள் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் பெக்கோக் அணை அபாய அளவைத் தாண்டியது. ஆகவே இங்கே தோட்டம் போடுபவர் தண்ணீர் ஊற்றுவதைவிடத் தண்ணீரை வடியவைப்பதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கவேண்டும்.

தொட்டி மண்ணுக்கு என் கணக்கு இது: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, சுட்ட உமி ஒரு பங்கு. சுட்ட உமி நர்சரிகளில் செகாம் பாக்கார் என்று மூட்டையாகக் கிடைக்கும். கைப்பிடி மண்ணை ஈரமாகப் பிசைந்து உருட்டிப் பாருங்கள். விரலால் தட்டியதும் உருண்டை உதிர்ந்தால் கலவை சரி. களிபோல் ஒட்டிக்கொண்டால் இன்னும் உமி சேருங்கள். செம்பனை ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெறுங்குலை கிடைத்தால் விடாதீர்கள். செடியைச் சுற்றிப் பரப்பினால் மழை மண்ணை அடித்துக்கொண்டு போகாது, மெல்ல மக்கி உரமும் ஆகும். தோட்டத்தில் மரத்துக்குப் போடும் சுண்ணாம்புத்தூளை ஒரு தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி கலக்கலாம். எந்தச் செடிக்குச் சுண்ணாம்பு கூடாது என்பதையும் கீழே சொல்கிறேன்.

நான்கு வகைப் பூ

திருப்புகலூரில் முருக நாயனார் என்றொருவர் இருந்தார். அறுபத்துமூவரில் ஒருவர். அவர் செய்த தொண்டு பூத்தொண்டு. விடியுமுன் எழுந்து நீராடி, மலரும் பக்குவத்தில் இருக்கும் பூக்களைப் பறித்து, வகைவகையாகக் கூடைகளில் பிரித்து, மாலை கட்டிச் சாத்துவார். மரக்கிளையில் பூப்பது கோட்டுப்பூ, கொடியில் பூப்பது கொடிப்பூ, நீரில் பூப்பது நீர்ப்பூ, நிலத்தை ஒட்டிப் பூப்பது நிலப்பூ. அவர் கதையைச் சொல்லும் பெரியபுராணம் இந்த நான்கு வகையையும் பேசுகிறது. ஒரு சின்ன வாசலுக்குத் தோட்டத் திட்டம் போட இதைவிட நல்ல வரைபடம் எனக்குத் தெரியாது. நான்கில் ஒவ்வொன்றிலும் ஒரு செடி வைத்தால் போதும். உயரம், நிழல், வெயில் எல்லாம் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

கோட்டுப்பூவுக்குச் செண்பகத்தை நினைக்காதீர்கள், அது பெரிய மரம். வேர் சாக்கடையைத் தேடிப் போகும். கம்பத்தில் இடமிருப்பவர் வைக்கட்டும். வரிசை வீட்டுக்கு நந்தியாவட்டை போதும், ஆண்டு முழுதும் பூக்கும், வெட்ட வெட்டத் தழைக்கும். இன்னொன்று வெட்சி. இட்லிப்பூ என்றும் சொல்வோம். முருகனுக்கு உகந்தது. இது புளிப்பு மண்ணை விரும்பும் செடி, அதனால் நம் செம்மண்ணில் அப்படியே வளரும். இதற்குச் சுண்ணாம்பு போட்டால் இலை மஞ்சளடித்துவிடும். செம்பருத்தி 1960 முதல் நாட்டின் தேசிய மலர். காளிக்கும் அம்மனுக்கும் உரியது. காட்டோரம் வீடு உள்ளவர்களிடம் ஒரு எச்சரிக்கை: குரங்கு செம்பருத்தியை விரும்பித் தின்னும். அரளியைப் பலர் கோவில் வாசலில் வைத்திருக்கிறோம். பூவிலிருந்து வேர்வரை நஞ்சு. சிறுபிள்ளைகளும் ஆடும் உள்ள வீட்டில் வேண்டாம்.

பவளமல்லிக்குத் தனி இடம் கொடுங்கள். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைப்பதில்லை என்பது வழக்கம். பவளமல்லிக்கு மட்டும் அதில் விலக்கு. இரவில் பூத்து விடியலில் உதிரும். மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து வைத்தால் காலையில் பிள்ளைகள் பொறுக்கிக் கொண்டுவருவார்கள். பள்ளிக்கூடம் போகும் அவசரத்திலும் அவர்கள் தவறாமல் செய்யும் ஒரே பூசைவேலை இதுதான்.

கொடிப்பூவில் குண்டுமல்லிக்கு முதலிடம். உண்மையில் அது பாதிப் புதர். கம்பியில் ஏற்றினால் கொடிபோல் நிற்கும். ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் இலைதான் வரும். மல்லிகை புதுத்தளிரில் பூப்பது. அதனால் ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் கிளைநுனிகளை ஒரு சாண் அளவு வெட்டிவிடுங்கள். வெட்ட மனமில்லாதவர் வீட்டு மல்லிகை வேலிமேல் ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போகும், பூ மட்டும் வராது. சங்குப்பூ எளிது. விதையை ஓர் இரவு ஊறவைத்துப் போட்டால் இரண்டு மாதத்துக்குள் பூக்கும். பயறு வகையைச் சேர்ந்த கொடியாதலால் மண்ணையும் வளப்படுத்தும். கிளந்தானில் நாசி கெராபுவுக்கு நீலம் கொடுக்கும் பூங்கா தெலாங் இதுவேதான். கோலப்பகுதியில் இது மறுபடி வரும்.

நீர்ப்பூ என்றதும் தாமரை ஆசை வரும். அல்லியில் தொடங்குங்கள், தாமரையைவிட விட்டுக்கொடுக்கும். இரண்டடி அகலத் தொட்டி. அடியில் ஓரடிக்குப் பாதி களிமண். அதன்மேல் அதே அளவு தண்ணீர். உடனே நான்கைந்து கப்பி மீன்களை விடுங்கள். இது அலங்காரத்துக்கு அல்ல. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாளே போதும். முட்டை காய்ந்த சட்டியிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கொசு வளரும் நீர் வீட்டில் இருந்தால் 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் உண்டு. சாமிக்கு வைத்த தொட்டி என்று சுகாதார அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை. பூந்தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டையும் எடுத்துவிடுங்கள். எடுக்கமுடியாவிட்டால் மணலை நிரப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை பூசைக்கு வீடு கழுவும் பழக்கம் உள்ளவர்கள் அதே கையோடு எல்லாச் சட்டியையும் தேய்த்துக் கவிழ்த்தால் வாரக்கணக்கும் சரியாகிவிடும்.

நிலப்பூவில் செண்டுமல்லி, தும்பை, துளசி. செண்டுமல்லிக்குச் சுண்ணாம்பு பிடிக்கும். விதைத்ததிலிருந்து பூக்க ஏறக்குறைய 70 நாள்.

பறித்த பூவைக் கட்ட நைலான் நூல் வேண்டாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் வாழைமரம் இருக்கும் ஊர் இது. காய்ந்த வாழைமட்டையைப் பத்து நிமிடம் நீரில் நனைத்து நகத்தால் கீறினால் நார் நீளமாக உரியும். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ எதிர்ப்பக்கம், காம்பு நடுவில் சேர, நாரை ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணியிட்டு இழுக்கவேண்டும். இறுக்கம் விரலுக்குப் பழகவேண்டிய ஒன்று. எழுத்தில் சொல்லித்தர முடியாது. பக்கத்தில் கட்டத் தெரிந்த ஒரு பாட்டி இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள். வாடிய மாலையை நாரோடு சேர்த்து எருக்குழியில் போடலாம் என்பது இதிலுள்ள இன்னொரு சௌகரியம்.

உடைந்த ஓட்டில் துளசி மாடம்

ஜொகூர் பாருவின் அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலைப் பார்க்காதவர் இந்த வட்டாரத்தில் குறைவு. 1922-இல் சிறு கொட்டகையாகத் தொடங்கியது. பாங்காக்கின் வாட் அருண் கோவிலில் பதித்த சில்லுகள் மின்னுவதைப் பார்த்துவிட்டு வந்த தலைமைக் குருக்கள், தம் கோவிலையும் கண்ணாடியால் இழைத்தார். புதுக்கோலத்தோடு 2009-இல் திறக்கப்பட்டது. கருவறைச் சுவரில் மூன்று லட்சம் உருத்திராட்சங்கள் பதிந்திருக்கின்றன. சின்னச் சின்னத் துண்டுகளைப் பொறுமையாக ஒட்டினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வீட்டில் கண்ணாடி வேண்டாம், கையைக் கிழிக்கும். உடைந்த தரை ஓடு போதும். ஹார்ட்வேர் கடையில் ஓரம் உடைந்த ஓடுகளைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் தட்டி உடையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டுக்கொண்டு.

மாடம் ஒன்றரை அடிச் சதுரம், இரண்டரை அடி உயரம். செங்கல்லால் நான்கு புறமும் கட்டி நடுவை வெற்றிடமாக விடுங்கள். சிமெண்டு ஒரு பங்கு, மணல் நான்கு பங்கு. அடிவரிசையில் ஒரு குழாய்த் துண்டை வைத்துக் கட்டுவதை மறக்கவேண்டாம். வடிகால் இல்லாத மாடத்தில் துளசி டிசம்பர் மழையைத் தாண்டாது. கிழக்குப் பக்கம் அகல் வைக்க ஒரு குழி விடுங்கள். பூசியபின் ஒரு வாரம் ஈரச்சாக்கு சுற்றி வையுங்கள். பிறகு ஓட்டுத் துண்டுகளை டைல் பசையில் பதியுங்கள். கூரான ஓரம் வெளியே வரக்கூடாது. துண்டுக்கும் துண்டுக்கும் சுண்டுவிரல் நகத்தில் பாதி இடைவெளி. மறுநாள் இடைவெளியில் பூச்சுச் சிமெண்டை அடைத்து, இருபது நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். என்ன உருவம் என்று கேட்பீர்கள். மயில், தாமரை, வேல் எல்லாம் அழகுதான். ஆனால் முதல்முறை செய்பவர் வெறும் நிறப்பட்டைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கோணல் மயிலைப் பார்த்துக்கொண்டே தினமும் கும்பிடவேண்டியிருக்கும்.

புதுச் சிமெண்டின் காரம் வேரைச் சுடும். நட்டுவிடுவதற்கு முன் இரண்டு மூன்று முறை நீர் நிரப்பி வடியவிடுங்கள். நட்டபின் பூங்கதிரை அவ்வப்போது கிள்ளிவிட்டால் செடி பல மாதம் நிற்கும். கிள்ளிய கதிரிலேயே விதை இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் ஒரு சின்னச் சட்டியில் பதில் நாற்று வளர்த்து, கூரைக்கடியில் வைத்திருங்கள்.

கோலமும் நிறமும்

பேரங்காடிகளில் தீபாவளிக்குச் சாயமேற்றிய அரிசியில் போடும் பெரிய கோலங்கள் மலேசியத் தமிழரின் ஓர் அடையாளமாகவே ஆகிவிட்டன. திறமையில் குறை சொல்லமுடியாது. ஆனால் அந்த அரிசி யாருக்கும் உதவாமல் குப்பைக்குப் போகிறது. வாசலில் அரிசிமாவுக் கோலம் போடுவதன் தர்மமே எறும்பும் குருவியும் தின்னட்டும் என்பது. தின்னக்கூடிய நிறங்களால் அதே அரிசிக்கோலத்தைப் போடலாம்.

மஞ்சளுக்கு மஞ்சள்தூள். அதே மஞ்சளில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டுத் தண்ணீர் விட்டால் குங்குமச் சிவப்பு. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தில் சிவக்கும் குணம் உடையது. ஆரத்தித் தட்டில் நாம் பார்ப்பதும் அதுதான். நீலத்துக்குச் சங்குப்பூ: இரண்டு கைப்பிடிப் பூவை அரைக்குவளை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, அந்த நீரில் அரிசியைப் பிரட்டி நிழலில் உலர்த்துங்கள். பாதி நீலத்தில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் ஊதா. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஓர் அறிவியல் பாடமும் முடியும். பச்சைக்குப் பாண்டான் இலைச் சாறு. கொஞ்சம் வெளிறித்தான் வரும், ஏற்றுக்கொள்ளுங்கள். இந்த நிறங்கள் நான்கைந்து நாளில் மங்கிவிடும். கோலம் என்பதே நாளைக்கு அழிவது என்பதால் இதை நான் குறையாக நினைக்கவில்லை.

சிமெண்டு முற்றத்தில் மழைச்சாரல் அடிக்கும் வீட்டுக்கு மாக்கோலம் பொருந்தும். ஒரு குவளைப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, துணியில் தோய்த்து மோதிரவிரலால் இழுப்பது. காய்ந்தபின் லேசான தூறலுக்குத் தாக்குப்பிடிக்கும். ஓரத்தில் செம்மண்பட்டை போட மண்ணைத் தேடிப் போகவேண்டியதில்லை.

முளைப்பாரி

தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுக்கும் வழக்கம் இன்னும் உள்ள இடங்களில், இதைப் பெண்கள் ஒரே வீட்டில் கூடி வளர்ப்பார்கள். வழக்கம் நின்றுபோன இடத்தில் ஆடி வெள்ளிக்கு வீட்டளவில் ஒரு சட்டி வளர்க்கலாம். விதைப்புக்கு முன் தானியத்தின் முளைப்புத்திறனைச் சோதிக்கும் உழவர் அறிவு இந்தச் சடங்குக்குள் இருக்கிறது.

அதனால் நீங்களும் சோதியுங்கள். மளிகைக்கடைப் பச்சைப்பயறு சில நேரம் ஆண்டுக்கணக்கில் மூட்டையில் இருந்ததாக இருக்கும். இருபது பயறை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். இரண்டு நாளில் பதினாறாவது முளைக்காவிட்டால் வேறு கடைக்குப் போங்கள். பயறோடு தட்டைப்பயறு, சோளம், கம்பு, நெல் என்று கிடைப்பதைச் சேர்த்து எட்டு மணி நேரம் ஊறவைக்கவேண்டும். அடியில் ஓட்டையுள்ள சட்டியில் காய்ந்த புல், அதன்மேல் மண், அதன்மேல் தூளாக்கிய காய்ந்த சாணம். விதையை நெருக்கமாகப் பரப்பி, மெல்லிய மண்ணால் மூடி, வெளிச்சம் படாத அறையில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். இருட்டில் வளர்வதால் முளை வெளிறிய பொன்னிறத்தில் நெடுநெடுவென்று போகும். எட்டு ஒன்பது நாளில் ஓரடி வந்துவிடும்.

தமிழ்நாட்டு முறையை இங்கே அப்படியே செய்தால் ஒரு தொல்லை: நம் காற்றின் ஈரத்தில் மூன்றாம் நாளே வெள்ளைப் பூசணம் படரும். கதவை முழுக்க அடைக்காதீர்கள். தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, அதில் மஞ்சளைக் கரைத்துத் தெளியுங்கள். சட்டியைச் சுற்றி மாலையில் விளக்கேற்றிக் கும்மி அடிப்பது மரபு. நான்கு பேர்தான் சேர்ந்தாலும் அடியுங்கள்.

இன்னும் சில

விநாயகர் சதுர்த்திக்குப் பச்சைக் களிமண்ணில் ஒரு சாண் உயரத்துக்குள் பிடியுங்கள். களியை நீரில் கரைத்து, கல் அடங்கியபின் மேல்கரைசலை வேறு பாத்திரத்தில் தெளியவிட்டு, துணியில் வடித்து, நறுக்கிய தேங்காய்நார் சேர்த்துப் பிசைந்தால் வெடிக்காது. நிழலில் ஒரு வாரம் காயட்டும். வயிற்றுக்குள் வெண்டை விதை இரண்டு வைத்துவிட்டால், வாளியில் கரைத்துத் தொட்டியில் ஊற்றும்போது விதைப்பும் முடிந்தது. ஆற்றுக்குப் போகவேண்டாம். சக்கரமும் சூளையும் பார்க்க ஆசைப்பட்டால் தெற்கே ஆயர் ஹீத்தாம் இருக்கிறது. கோல சிலாங்கூரில் தமிழ்க் குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பொங்கல் பானையும் அகலும் வனைந்து வருகின்றன.

பழைய பீங்கான் பால்மங்குகள் சில வீடுகளின் பின்கட்டில் இன்னும் கிடக்கும். தூக்கி எறியாதீர்கள். ரப்பர்ப்பால் பிசினைச் சுரண்டி, சோடா மாவால் தேய்த்தால் பளிச்சென்று ஆகும். அடி உருண்டை என்பதால் நிற்காது. களிமண் வளையம் செய்து அதில் உட்காரவைத்து எண்ணெயூற்றினால் கார்த்திகைக்கு விளக்கு. பால் வெட்டிய கைகளின் மங்கில் தீபம் ஏற்றுவதைப் பெரியவர்கள் முன்னிலையில் செய்யுங்கள், அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும். ரப்பர் கொட்டைகளைத் துளையிட்டுக் கோத்தால் வாசல்மாலை ஆகும். ஒவ்வொரு கொட்டையின் புள்ளியும் வேறுவேறு. உள்பருப்பு பச்சையாகத் தின்றால் நஞ்சு என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

தோரணத்துக்குத் தென்னங்குருத்து. குருவி, கிளி மடிக்கத் தெரியாதவர் பக்கத்து மலாய் வீட்டில் கெத்துப்பாட் முடையும் மாக்சிக்கிடம் கேட்கலாம். ஓலையும் அதேதான், விரல்வித்தையும் பெரிதும் அதேதான்.

செலாய்க் காட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அங்கிருந்து ஆர்க்கிட்டோ பெரணியோ பிடுங்கிவந்து பூசையறை வாசலில் வைக்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட வனம், ஜக்குன் மக்களின் வாழிடம். காட்டுச்செடி நம் முற்றத்தில் பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை.

இவை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய இறங்காதீர்கள். தீபாவளி நாளிலிருந்து 70 நாள் பின்னோக்கி எண்ணி நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அன்று செண்டுமல்லி விதையைப் போடுங்கள். அதே வாரத்தில் வேலியோரம் ஒரு சங்குப்பூ விதையும். வீட்டுக்குப் போக மிஞ்சும் பூவைத் தோட்டத்துக் கோவிலுக்குக் கொடுங்கள்; பூக்காரர் வந்துபோகாத கோவில்கள் இந்தப் பக்கம் நிறைய இருக்கின்றன.